மேசியாவுக்குப் பின்னணிக் குரல்

கரகரா என்றால் டப்பிங் கூடங்களில் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் மனைவிக்கே சட்டென்று வாயில் வராது. வேற்றுமொழிப் படமோ தொடரோ தமிழ் பேச வரும்போது, அதில் யாராவது யாரையாவது கடத்தினால், கழுத்தில் கத்தி வைத்தால், ராஜாவுக்கு விஷம் கொடுக்கத் திட்டம் போட்டால், அந்தக் குரல் பெரும்பாலும் கரகராவுடையதாக இருக்கும். தொண்டைக்குள் யாரோ சரளைக்கல்லைக் கொட்டிவிட்டு எடுத்துப் போக மறந்த மாதிரி ஒரு குரல். குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படம் ஒன்றில் கிணற்றுக்குள் குடியிருக்கும் பூதத்துக்கும் அவர்தான் பேசினார். அதிலிருந்து அவர் குடியிருந்த அடுக்குமாடியில் பிள்ளைகளுக்கு அவர் பூதம் மாமா.

ஆள் என்னவோ பரம சாது. வீட்டில் மனைவி குரலை உயர்த்தினால் துணி காய்கிறதா என்று பார்க்க பால்கனிக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் இயேசுவாகப் பேசும் வாய்ப்பு வந்தது.

படத்தை வாங்கியிருந்தவர் ஒரு மெத்தைக்கடை முதலாளி. இளவயதில் பஞ்சுமூட்டை தூக்கியவர். இப்போது ஊரின் பெரிய சாலைகளில் எல்லாம் அவருடைய கடை. தன்னைத் தூக்கிவிட்டது நாலு பேர் கூரை வழியாக இறக்க, இயேசு எழுப்பி நடக்கவைத்த முடக்குவாதக்காரனின் வேதக்கதைதான் என்று அவர் உறுதியாக நம்பினார். 'எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொள்' என்று எல்லாக் கடை வாசலிலும் விளக்குப் போட்டு எழுதியிருந்தது. அந்தப் படுக்கை எந்தக் கடையில் வாங்கியது என்று வேதத்தில் இல்லாததுதான் அவருக்கு ஒரு சின்னக் குறை. இயேசு செய்த அற்புதங்களைப் பற்றிய பழைய வெளிநாட்டுப் படம் ஒன்று கிடைத்ததும் தமிழ் பேசும் உரிமையை வாங்கிப்போட்டார். அவருக்கு நோக்கம் இரண்டு. இயேசுவே வேதம் சொன்ன மீட்பர், மேசியா, என்று நாலு பேருக்குத் தெரியவேண்டும். தெரியவைத்தது யார் என்பதும் அந்த நாலு பேருக்குத் தெரியவேண்டும்.

கதாநாயகர்களுக்கு வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. ஆகவே இனிமையான குரல்களாக வரவழைத்துக் கேட்டார்கள். ஆலோசனை சொல்ல முதலாளியின் சபைப் போதகர் கூடவே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது பல்பொடி விளம்பரம்" என்றார் முதல் ஆளுக்கு.

அடுத்தவருக்கு, "இவர்தான் குக்கர்."

மூன்றாமவர் வாயைத் திறந்து, "சமாதானம் உங்களுக்கு..." என்று ஆரம்பித்ததுமே முதலாளிக்கே தெரிந்துவிட்டது. "அட, இது இன்சூரன்ஸ்ல்ல!"

ஊரில் இருந்த இனிமையான குரல் எல்லாம் எதையாவது விற்றுக்கொண்டிருந்தது. வசனம் எழுத அமர்த்தப்பட்டிருந்த அம்மாள், எல்லாரும் வசனக்காரம்மா என்று கூப்பிடுகிறவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "கரகராவைக் கூப்பிடுங்க. இதுவரைக்கும் எதையும் வித்ததில்லை."

"பூதமா பேசினவராச்சேம்மா!" என்றார் போதகர்.

"பூதம் பிசாசெல்லாம் அவருக்குக் கீழ்ப்படிஞ்சதுன்னு நீங்கதானே ஐயா போன வாரம் பிரசங்கம் பண்ணீங்க?"

போதகர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கரகரா வந்தார்.

டப்பிங் கூடம் என்பது ஜன்னலில்லாத ஓர் அறை. சுவரெல்லாம் மூட்டைத் துணி நிறத்தில் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரு மைக், எதிரே திரை, பக்கத்தில் வெந்நீர்க் குடுவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அவருக்குப் பின்னால் சோபாவில் முதலாளியும் போதகரும். திரையில் ஆளின் வாய் எப்போது திறக்கிறதோ அப்போது பேசவேண்டும். எப்போது மூடுகிறதோ அப்போது நிறுத்தவேண்டும். வேலை இவ்வளவுதான். இந்தப் படத்தில் அதுவே பெரிய தலைவலியாகப் போயிற்று. அவர்கள் சொல்ல விரும்பிய அளவுக்கு இயேசு வாய் திறக்கவில்லை.

கல்யாண வீட்டுக் காட்சிதான் முதலில் வந்தது. திராட்சரசம் தீர்ந்துவிடுகிறது. இயேசு வேலைக்காரர்களிடம், "ஜாடிகளில் தண்ணீர் நிரப்புங்கள்" என்கிறார். பிறகு, "மொண்டு கொண்டுபோங்கள்" என்கிறார். முடிந்தது. பந்தியில் ஒரே சந்தோஷம்.

"அவ்வளவுதானா?" என்று முதலாளியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. "எவ்வளவு பெரிய அற்புதம்! 'நானே மேசியா'ன்னு ஒரு வரி போட்டுடுங்கம்மா."

"வாய் மூடியிருக்கு முதலாளி. மூடின வாய்க்கு வசனம் எழுத எனக்கு வராது."

"அப்ப யாரு பண்ணினதுன்னு பந்தியில உக்காந்தவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்" என்றார் போதகர் தயக்கத்துடன். "தண்ணி தூக்கினவங்களுக்குத்தான் தெரியும்."

முதலாளிக்கு இது நல்ல நிர்வாகமாகப் படவில்லை.

கூரை பிரிக்கும் காட்சி வந்த அன்று முதலாளி புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். "படுக்கைன்னு ஏன் சொல்லணும்? மெத்தைன்னு சொன்னா ஜனங்களுக்குப் புரியும்" என்றார். திரையில் அந்த ஆள் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது கோரைப்பாயைவிடக் கொஞ்சம் தடிமனான ஏதோ ஒன்று.

"நாலு பேரு கயித்துல கட்டி இறக்கறாங்க" என்றார் போதகர். "நம்ம கடை மெத்தையா இருந்தா கூரையோட சேர்ந்து இறங்கியிருக்கும்."

முதலாளி இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "ஆமா, நம்ம சரக்குக் கனம்."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கரகரா அந்தப் படத்துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். இயேசு அந்த ஆளைப் பார்த்தவுடன் எழுந்திரு என்று சொல்லவில்லை. முதலில், "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்கிறார். நாலு பேர் வியர்க்க வியர்க்கத் தூக்கி வந்தது காலுக்காக. இவர் வேறெதையோ எடுத்துக் கொடுக்கிறார். படுத்திருக்கிறவன் முகத்தில் ஏமாற்றம் தெரியும் என்று கரகரா எதிர்பார்த்தார். தெரியவில்லை. யாரோ மார்புமேல் வைத்திருந்த கல்லை எடுத்த மாதிரி ஒரு பெருமூச்சு விடுகிறான். அவன் எழுந்து நடந்தது அதற்கப்புறம்தான்.

தொழுநோயாளி காட்சியில்தான் சண்டையே வந்தது. இயேசு அவனைத் தொடுகிறார், தோல் சரியாகிறது, உடனே குனிந்து அவன் காதோரமாக, "இதை யாருக்கும் சொல்லாதே" என்கிறார்.

"வெட்டிடுங்க!" என்று முதலாளி சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். "இது என்ன வியாபாரம்? நான் ஒரு தலகாணி கொடுத்தாக்கூட, நாலு பேருக்குச் சொல்லுங்கன்னுதான் சொல்லி அனுப்புவேன்."

"ஒருதடவை இல்ல முதலாளி" என்றார் வசனக்காரம்மா. "செவிடன்கிட்ட சொல்றார், குருடன்கிட்ட சொல்றார், செத்த பொண்ணை எழுப்பிட்டு அவ அப்பா அம்மாகிட்டயும் சொல்றார். எல்லாத்தையும் வெட்டினா படம் இடைவேளையோட முடிஞ்சிடும்."

"அப்ப மாத்துங்க. 'எல்லாருக்கும் சொல்'னு."

"உதடு சின்னதா அசையுது. கண்ணு 'சொல்லாதே'ங்குது. பின்னால நிக்கற சீஷன் வாயில விரல் வச்சிருக்கான். அவனையும் மாத்தவா?"

கரகரா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஐயா, நல்லது பண்ணிட்டு ஏன் சொல்லாதேங்கறார்?"

போதகர் தொண்டையைச் செருமி, "அதுக்கு ரொம்ப ஆழமான அர்த்தம் இருக்கு" என்றார். ஆழத்தை அங்கேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

வசனக்காரம்மாதான் பிற்பாடு தாளிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "காலு சரியானா ஜனங்க காலைத்தான் பார்க்கும். சரி பண்ணினது யாருன்னு திரும்பறதுக்குள்ள பல்வலி வந்துடும். அவருக்கு அது தெரிஞ்சிருக்கும்போல."

குருடன் காட்சியையும் முதலாளி சும்மா விடவில்லை. இயேசு ஒருவனைக் கைபிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய்க் கண்ணைத் தொட்டு, "ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்கிறார். மனிதர்கள் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறான் அவன். மறுபடி தொடுகிறார். அப்புறம்தான் பார்வை தெளிகிறது.

"முதல் தடவை சரியா வரலைங்கற மாதிரில்ல இருக்கு? அவர் போய் 'தெரியுதா'ன்னு கேக்கலாமா? அவருக்கே தெரியாதா?"

"கேட்டிருக்காரே" என்றார் கரகரா.

அந்த வரியை அவர் முதல் டேக்கிலேயே முடித்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டுகிறவர் பொறுமையாகக் கேட்பாரே, அந்த மாதிரி. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அது அபூர்வம்.

கரகரா பிறப்பிலேயே கிறிஸ்தவர்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயிலுக்குப் போவார். அங்கேயும் கடைசி வரிசை. அற்புதக் கதைகளைச் சிறுவயதில் கேட்டதோடு சரி. இப்போது ஒவ்வொரு வரியையும் இருபது முப்பது தடவை சொல்லவேண்டி வந்ததில் அவை வீட்டுக்கும் கூடவே வந்தன. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உதடு அசையும். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"கேஸ் தீர்ந்துபோச்சுங்க. அஞ்சு அப்பம், ரெண்டு மீன் மாதிரி ஏதாவது பண்ணுங்களேன்."

"எனக்குக் குரல் மட்டும்தான்."

"அந்தக் குரலையாவது வீட்டுல கொஞ்சம் வச்சிருக்கலாம். நேத்து பால்காரர்கிட்ட பேசினது பழைய குரல்."

அடுக்குமாடியில் செய்தி பரவியது. பூதம் மாமா இயேசுவாகப் பேசுகிறாராம். மேல்மாடியில் ஒரு பெண் இருந்தார், தபால் அலுவலகத்தில் வேலை. அவருடைய பதினாறு வயது மகள் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவள். எலும்பு ஒட்டிப் பல மாதம் ஆகிவிட்டது. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்தவரும் சொல்லி அலுத்துப் போனார். அவளோ பயந்துபோய்க் காலைத் தரையில் ஊன்றமாட்டேன் என்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தாய் கரகராவின் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, ஒரே ஒரு தடவை. செத்த பொண்ணை எழுப்பினாரே, 'சிறுபெண்ணே எழுந்திரு'ன்னு, அதை அந்தக் குரல்ல சொல்லிடுங்க. போதும்."

"அக்கா, நான் டப்பிங் பண்றவன்."

"தெரியும்ண்ணா. இருந்தாலும்."

மனைவி உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினார்: போய்ட்டு வாங்க. போனார்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தாய் குடிக்க ஏதாவது கலக்கச் சமையலறைக்குப் போனார். கரகரா கட்டிலோரம் நின்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, மைக் முன்னால் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார்.

"சிறுபெண்ணே, எழுந்திரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அங்கிள், நீங்க கிணத்துப் பூதம்தானே?"

"ஆமாம்மா."

"இது உங்களுக்கு நல்லாவே இல்ல. அந்தச் சிரிப்பைச் சிரிங்களேன்."

கரகராவுக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்த வேலை. வயிற்றிலிருந்து காற்றை இழுத்துச் சிரித்தார். அலமாரிக் கதவு அதிர்ந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ இருங்க, இருங்க, இதை எடுத்து அனுப்பினா என் பிரெண்ட்ஸ் செத்துடுவாங்க" என்று கட்டிலைவிட்டு இறங்கி, அறையின் அந்தக் கோடியில் சார்ஜில் கிடந்த போனை எடுக்கப் போனாள். பாதி வழியில்தான் தான் நடப்பது அவளுக்கே தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டாள். கரகராவும் மூச்சுவிடாமல் நின்றார்.

தம்ளருடன் வந்த தாய் அதைக் கீழே போட்டார். "இயேசுவே!" என்று கத்திவிட்டுக் கரகராவின் காலில் விழப்போனார்.

"அக்கா, அக்கா, இது நான் இல்ல. பூதம்... நான் சும்மா சிரிச்சேன். தயவுபண்ணி யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"அம்மா, நான் போன் எடுக்கத்தான்..." என்றாள் மகள். யார் கேட்டார்கள்?

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் தெருவுக்கும் தெரிந்தது. கரகராவின் வாசலிலிருந்து படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளம் வரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதுகுவலி, மூட்டுவலி, கணக்குப் பாடம். ஒருவர் தன் வீட்டில் குடியிருப்பவன் காலி செய்ய ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். இன்னொருவர் மருமகளைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு எந்த நோயும் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் குறையவேண்டும். கரகரா ஒவ்வொருவரிடமும், "நான் டப்பிங் பண்றவனுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். "எவ்வளவு தாழ்மை பாருங்க" என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மறுக்க மறுக்க வரிசை நீண்டது.

முதலாளி ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் அச்சடித்த போஸ்டரே இருந்தது. 'குணமாக்கும் குரல், நேரில்!' கீழே இயேசு, அவருக்குப் பக்கத்தில் கரகரா, அடியில் எல்லாக் கடைகளின் முகவரியும்.

"படம் வெளியாகறதுக்கு முந்தி ஒரு பெரிய கூட்டம். மேடையில நம்ம மெத்தை வரிசையா போட்டுடலாம். சீக்காளிங்க அதுல படுத்திருப்பாங்க. நீங்க மைக்குல 'எழுந்திரு'ங்கறீங்க. எழுந்தவனுக்கு மெத்தை இலவசம்."

"எழுந்திருக்காதவனுக்கு?"

முதலாளி அதை யோசித்திருக்கவில்லை. "அவங்களுக்குத் தலகாணி" என்றார்.

"முதலாளி, அந்தப் பொண்ணு எழுந்தது இயேசு குரலுக்கு இல்ல. பூதத்துக்கு."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அதைப் போய் ஏன் வெளியில சொல்றீங்க? அதைத்தான் யாருக்கும் சொல்லக்கூடாது."

கரகரா கூட்டத்துக்கு வரமுடியாது என்றார். வாழ்நாளில் ஒரு முதலாளியிடம் அவர் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆகவே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கோபித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் வராவிட்டால் வேறு குரலை வைத்து நடத்துவேன் என்றார் முதலாளி. போதகர் நடுவில் நின்று இருவரையும் அமைதியாக இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் சொல்வது சரி என்று மட்டும் சொல்லவில்லை. சபைக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் முதலாளி.

இந்தக் கசப்போடுதான் அடுத்த பதிவுக்கு வந்தார்கள். வழியில் நடந்துகொண்டே இயேசு சீஷர்களிடம், ஜனங்கள் என்னை யாரென்று சொல்கிறார்கள் என்று கேட்கும் காட்சி. அதற்குப் பதில் சொல்லும் சீஷன் பேதுருவுக்குத் தானேதான் பேசுவேன் என்று முதலாளி படம் வாங்கிய அன்றே சொல்லியிருந்தார். சந்தனநிறச் சட்டையில், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு மைக்கின் அந்தப் பக்கம் நின்றார். அவரும் கரகராவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார்கள்.

"ஜனங்கள் ஏதேதோ சொல்லட்டும். நீங்கள் என்னை யாரென்று சொல்கிறீர்கள்?" என்றார் கரகரா.

"நீரே மேசியா!" என்றார் முதலாளி.

ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். "முதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க. தள்ளுபடி அறிவிக்கிற மாதிரி இருக்கு."

மறுபடி. இந்தத் தடவை பரிசளிப்பு விழா மாதிரி இருந்தது. அதற்கடுத்தது தேர்தல் கூட்டம். வெந்நீர் குடித்தார், சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். அந்த ஒரே வரியில் மத்தியானம் போயிற்று. கடைசியில் போதகர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். "பதிலை விட்டுடுங்க. கேள்வியைக் கேளுங்க. அவர் கேக்கறது உங்களைத்தான்."

அதைக் கேட்டதும் கரகராவுக்கு என்ன தோன்றியதோ, திரையை விட்டுவிட்டார். உதட்டசைவு அவருக்கு மனப்பாடம். முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தார். ஊரார் கதையை ஒதுக்கிவிட்டு உங்களை மட்டும் கேட்கிறேன் என்கிற மாதிரி, சத்தமே இல்லாமல், கரகரப்போடு கேட்டார்.

"நீங்கள் என்னை யாரென்று சொல்கிறீர்கள்?"

முதலாளி விழித்தார். வாய் திறந்தது, மூடியது. திரையில் பேதுருவும் அப்படித்தான் ஒரு கணம் தடுமாறுகிறான். "நீர்... மேசியா" என்றார் முதலாளி. பஞ்சுமூட்டையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குகிற ஆளின் குரல் அது. பல வருஷமாக யாரும் கேட்டிராத குரல். அதில் ஒரு பயமும் இருந்தது.

"ஓகே" என்றார் ஒலிப்பதிவாளர், மெதுவாக.

நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அடுத்ததாக இயேசு, தான் துன்பப்பட்டுக் கொல்லப்படப் போவதைச் சொல்கிறார். பேதுரு அவரைத் தனியே இழுத்து, உமக்கு இப்படியெல்லாம் நடக்கவே கூடாது என்கிறான். இதை முதலாளி முதல் டேக்கிலேயே, உள்ளத்திலிருந்து சொல்லிவிட்டார். பேதுருவும் வியாபாரம் புரிந்தவன் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். இயேசு திரும்புகிறார். கரகரா வாயைத் திறந்தார்.

"எனக்குப் பின்னால் போ, சாத்தானே!"

கால் நூற்றாண்டு வில்லன் தொண்டை. ஒலியளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய்த் திரும்பியது. முதலாளி உண்மையிலேயே பின்னால் போனார். ஹெட்போன் வயர் காலில் சுற்றி, அங்கே கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கரகரா பதறிவிட்டார். "வசனம் முதலாளி, வசனம்!"

"தெரியும்." முதலாளி வியர்வையைத் துடைத்தார். "ஆனா என்னைப் பார்த்துல்ல சொன்னீங்க?"

"பேதுருவைப் பார்த்துதான்."

"பேதுரு நான்தானே?"

வசனக்காரம்மா தாளைத் திருப்பினார்.

இரண்டு நாள் கழித்து, கூட்டத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று முதலாளி ஆளனுப்பிச் சொன்னார். ஊரில் மண்டபங்கள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. போஸ்டர்களை, வெள்ளைப்பக்கம் வெளியே தெரிய, கடைகளில் விற்ற மெத்தைக்கு அடியில் போட்டு அனுப்பினார்கள்.

கடைசியாகச் சிலுவைக் காட்சி. அன்று கூட்டமாகச் சத்தம் போட வரவேண்டியவர்கள் வேறு பதிவுக்குப் போய்விட்டார்கள். கீழே நின்று ஏளனம் செய்பவர்களுக்கு ஆள் இல்லை.

"நானே பேசிடறேன்" என்றார் கரகரா. "அது நம்ம வேலைதானே."

உண்மையிலேயே அது அவர் வேலை. "ஊரையெல்லாம் காப்பாத்தினான், தன்னைக் காப்பாத்திக்க வக்கில்லை!" ஒரு டேக். "மேசியான்னா இறங்கி வா, பார்த்துட்டு நம்பறோம்!" ஒரு டேக். காறித் துப்புவது, கைகொட்டிச் சிரிப்பது எல்லாம் வரிசையாக, தண்ணீர்கூடக் குடிக்காமல் முடித்தார். கிணற்றுப் பூதத்தின் சிரிப்பிலும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தார். பிறகு ஒலிப்பதிவாளர் அதையெல்லாம் அவர் காதுக்குள் ஓடவிட்டார். மேலே தொங்குகிறவருக்குப் பேசுவதானால் கீழே நடப்பது கேட்கவேண்டும் அல்லவா?

கரகரா மைக் முன்னால் நின்றார். காதுக்குள் அவர் குரலே அவரை ஏசிக்கொண்டிருந்தது. திரையில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரை ரசமாக்கியவர், கடலை அதட்டியவர், செத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். இறங்கி வருவது அவருக்குப் பெரிய விஷயமா? ஒரே ஒரு அற்புதம் போதும், கீழே நிற்கிறவன் எல்லாம் குப்புற விழுந்து கும்பிடுவான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் கரகராவின் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கும் இவர் இறங்கிவந்தால்தான் மேசியா. தனக்கும் இத்தனை காலம் அப்படித்தானோ? இவரோ மற்றவனுக்குச் செய்ததில் ஒன்றைக்கூடத் தனக்குச் செய்துகொள்ளவில்லை. அது தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் வாயை மூடு என்றாரோ? இந்தச் சிலுவையைப் பார்ப்பதற்கு முன்னால் மேசியா என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும் என்றா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கைத் தட்டும் சத்தம். முதலாளி. "இந்த இடத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி, "இறங்கி வந்திருக்கலாமே" என்றார்.

"வாய் அப்படி அசையலை முதலாளி" என்றார் வசனக்காரம்மா.

தாகமாயிருக்கிறேன் என்கிற வரி வந்தது. கரகரா அதற்கென்று எந்தக் குரலையும் வைத்துக்கொள்ளவில்லை. இருந்த குரலில் சொன்னார். சரளைக்கல் உருண்டது. யாரும் இன்னொரு டேக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. மறுநாள் காலையில் காற்று மட்டும்தான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் வாய் திறக்கக்கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார். மனைவி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னார். "குரல் போயிடுச்சுங்க. டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டார்."

அற்புதக் குரலுக்கே தொண்டை கட்டியதா? ஜனங்கள் குழம்பினார்கள். சிலர் இரக்கப்பட்டார்கள், சிலர் அப்போதே சந்தேகப்பட்டதாகச் சொன்னார்கள். இரண்டு தெரு தள்ளி ஒருவர் எண்ணெய் தடவி எலும்பு முறிவைச் சரிசெய்கிறார் என்று யாரோ சொல்ல, வரிசை அப்படியே அங்கே நகர்ந்தது. மேல்மாடிப் பெண் தினமும் படியிறங்கிப் பள்ளிக்கூடம் போனாள். அவள் தாய் மட்டும், இப்போதும் வழியில் பார்த்தால் கும்பிட்டார்.

படம் வெளியானது. சுமாராக ஓடியது. முதலாளியின் பேதுரு நன்றாக இருப்பதாகச் சபையில் பேசிக்கொண்டார்கள். "அந்த ஒரு வரிங்க" என்றார்கள். எந்த வரி என்று கேட்டால் முதலாளி பேச்சை மாற்றினார்.

ஒருநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மனைவி தைத்த துணியைக் கொடுக்க வெளியே போயிருந்தார். கரகராவே திறந்தார். எதிர்த்தெருக் கிடங்கின் காவலாளி, வயதானவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கரகரா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"தெரியும் தம்பி, கேள்விப்பட்டேன். கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

உட்கார்ந்தார். கரகரா டீ போட்டுக் கொடுத்தார். பெரியவர் குடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். மனைவி செத்தது, மகன் வேறு ஊருக்குப் போனது, போனில் பேசினால், 'வேற என்ன?' என்று அவன் அடிக்கடி கேட்பது, அதற்கு என்ன சொல்வதென்று இவருக்குத் தெரியாதது. முட்டி வலிக்கிறது என்று ஒருதடவை சொன்னார். அதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. மகன் சின்ன வயதில் கிடங்கு வாசலில் சாவிக்கொத்தை வைத்து விளையாடியதைச் சொல்லும்போது நிறுத்தி, ஜன்னலைப் பார்த்தார். கரகரா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஆறுதலாகச் சொல்ல அவர் வாயில் எத்தனையோ வரி வந்து நின்றது. ஒன்றையும் சொல்ல வழியில்லை. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அது காய்த்துப்போய், டீ தம்ளரின் சூட்டோடு இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகுதான் பெரியவர் எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"மனசு லேசாயிடுச்சு தம்பி" என்றார். "ரொம்ப நல்லாப் பேசறீங்க."